சத்தமில்லாமல் வரும் கார்கள்: காது ஏமாறும் இடத்தில் கண் விழித்திருக்கட்டும்

ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடம் உள்ளது. அதன் வெளிவாசலைக் கடந்துதான் போகவேண்டும். என் அம்மாவுக்கு 74 வயது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வழியில் நடந்து பழகியவர். கடந்த ஆண்டு ஒரு காலை நேரம், காய்கறி வாங்கும் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு அந்த வாசலைக் கடந்தார். பாதி தூரம் போயிருப்பார். இடது பக்கமாக ஏதோ அசைவது போலத் தெரிந்து திரும்பினார். ஒரு வெள்ளைக் கார், சக்கரப் பையை உரசாத குறையாக நின்றுகொண்டிருந்தது.

ஓட்டியவர் ஓர் இளையர். பதறிப்போய் இறங்கி, “ஸாரி ஆன்ட்டி, ஸாரி” என்று பலமுறை சொன்னாராம். அவர் வேகமாகவும் வரவில்லை. அம்மாவும் கவனமில்லாமல் போகவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு அம்மா சொன்னது ஒன்றுதான்: “வண்டி வர்ற சத்தமே இல்லப்பா. நான் காதுலதான் பார்த்துக்கிட்டு நடக்கிறேன்.”

‘காதில் பார்ப்பது’ அம்மாவுக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. நம்மில் பலரும் அப்படித்தான் நடக்கிறோம். கார் நிறுத்துமிடம், சேவைச் சாலை, காப்பிக் கடைப் பின்புறம் போன்ற இடங்களில் நாம் நின்று வலம் இடம் பார்ப்பது குறைவு. உறுமல் கேட்டால் நிற்கிறோம், கேட்காவிட்டால் நடக்கிறோம். பெட்ரோல், டீசல் இயந்திரங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. அந்த இயந்திரங்கள் இப்போது ஒவ்வொன்றாக விடைபெற்று வருகின்றன.

பேட்டைக்குள் வந்துவிட்ட மாற்றம்

2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பதிவான புதிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முழு மின்சாரக் கார். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவுசெய்ய முடியாது. 2030ஆம் ஆண்டிலிருந்து புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் மின்சாரம், ஹைபிரிட் போன்ற தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்கவேண்டும். 2040ஆம் ஆண்டுக்குள் எல்லா வாகனங்களும் அந்நிலைக்கு மாறவேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. பொதுப் பேருந்துகளில் பாதியை 2030க்குள் மின்சாரப் பேருந்துகளாக மாற்றவும் திட்டம் உள்ளது.

ஜூரோங்வாசிகளுக்கு இதில் கூடுதல் தொடர்பு உண்டு. மின்சார வாகனங்களுக்குத் தயாராகும் முதல் எட்டு வீவக நகர்கள் 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பட்டியலில் ஜூரோங் வெஸ்ட்டும் இடம்பெற்றது. பின்னர் அத்திட்டம் எல்லா வீவக நகர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2030க்குள் தீவு முழுவதும் 60,000 மின்னூட்ட முனைகள் அமைப்பது இலக்கு.

அதோடு நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி ஜூரோங் புத்தாக்க வட்டாரத்தில் ஹியுண்டாய் நிறுவனத்தின் புத்தாக்க நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 30,000 மின்சாரக் கார்கள் வரை தயாரிக்கக்கூடிய இடம் அது. புக்கிட் தீமாவில் நடந்துவந்த ஃபோர்டு நிறுவனத்தின் கார் தயாரிப்பு 1980ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, சிங்கப்பூரில் மீண்டும் கார் தயாரிப்பு தொடங்கியது நம் ஜூரோங்கில். அதுவும் சத்தமில்லாத கார்.

புகை குறையும், இரவில் இரைச்சல் குறையும். நெடுஞ்சாலை ஓரமாகவும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிராகவும் வீடு உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி. மின்சாரக் கார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கார் மாறும்போது நம் நடையும் மாறவேண்டும் என்பதே இங்கு பேச்சு.

ஏன் சத்தம் வருவதில்லை?

பெட்ரோல் காரின் சத்தம் சிறு வெடிப்புகளின் சத்தம். நான்கு சிலிண்டர் இயந்திரம் ஒன்று, கார் நின்றிருக்கும்போதுகூட நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் நொடிக்கு 26, 27 முறை எரிபொருள் உள்ளே வெடிக்கிறது. அதோடு புகைக்குழாய், விசிறி, கியர் எல்லாம் சேர்ந்து நமக்குப் பழக்கமான உறுமலைத் தருகின்றன. கார் நகர்வதற்கு முன்பே, ‘உள்ளே ஆள் இருக்கிறார், புறப்படப் போகிறார்’ என்று அந்த உறுமல் சொல்லிவிடும்.

மின்சார மோட்டாரில் வெடிப்பு கிடையாது. நின்றிருக்கும்போது மோட்டார் சுழல்வதும் இல்லை. ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து, கியரை மாற்றி, புறப்படத் தயாராக இருந்தாலும் வெளியே நிற்பவருக்கு அது தெரியாது. நிறுத்திவைத்த காரும் புறப்படப் போகும் காரும் காதுக்கு ஒன்றுதான்.

கார் ஓடத் தொடங்கிய பிறகு வேறு சத்தம் வருகிறது. டயர் சாலையில் உருளும் ஓசையும் காற்றைக் கிழிக்கும் ஓசையும் வேகத்தோடு கூடும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. விரைவுச்சாலை அருகே நின்று கேட்டால் எது எந்தக் கார் என்று பிரிக்க முடியாது. ஆகவே சிக்கல் பெரிய சாலையில் இல்லை. மெதுவாகப் போகும் இடங்களில், அதாவது கார் நிறுத்துமிடத்திலும் புளோக் ஓரத்திலும் பள்ளி வாசலிலும்தான் இருக்கிறது.

ஹைபிரிட் கார் இன்னும் கொஞ்சம் குழப்பமானது. அதில் பெட்ரோல் இயந்திரமும் உண்டு, மின்மோட்டாரும் உண்டு. பெரிய சாலையில் இயந்திரம் ஓடும். மெதுவாகப் போகும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் பெரும்பாலும் மோட்டார் மட்டும் ஓடும். ஆக, மனிதர்கள் நடமாடும் இடத்துக்கு வரும்போதுதான் அது மௌனமாகிறது. ‘பெட்ரோல் ஊற்றும் கார்தானே’ என்ற நினைப்பில் நாம் ஏமாந்துபோகலாம். டாக்சிகளிலும் தனியார் வாடகைக் கார்களிலும் ஹைபிரிட் கார்கள் ஏராளம். நம்மை ஏற்றிச்செல்ல புளோக் அடிக்கே வருபவை அவைதாம்.

காது என்ன செய்கிறது?

ஒரு சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தால், அது வலது காதை முதலில் அடைகிறது. இடது காதை அடைவதற்குள் ஆகும் தாமதம், ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு தாமதத்தையும் இரு காதுகளிலும் விழும் சத்த அளவின் வேறுபாட்டையும் வைத்து, மூளை திசையைக் கணக்கிடுகிறது. சத்தம் கூடிக்கொண்டே வந்தால் ‘நெருங்குகிறது’ என்று எச்சரிக்கிறது. நாம் யோசிக்காமலேயே இது நடக்கிறது. கைப்பேசியில் பேசிக்கொண்டே நடப்பவர்கூட லாரிச் சத்தம் கேட்டால் சட்டென்று ஒதுங்குவது இதனால்தான்.

வயது கூடும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஓசைகளைக் கேட்கும் திறன். மோட்டாரின் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஓசை அத்தகையது. பழைய இயந்திரங்களின் தாழ்ந்த உறுமல் மூத்தோர் காதுக்கும் எட்டியது. இந்த மெல்லிய ஓசை பலருக்கு எட்டுவதில்லை. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருந்தால் திசை கண்டுபிடிப்பதும் கடினமாகும். காதுகேள் கருவி அணிந்திருந்தாலும் எந்தப் பக்கம் என்பது சிலருக்குக் குழப்பமாகவே இருக்கும்.

இதோடு நம் ஊர்ச் சூழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கூரையிட்ட நடைபாதையின் மேல் விழும் சத்தமே காதை அடைத்துவிடும். ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தின் அருகே தலைக்குமேல் எம்ஆர்டி ரயில் ஓடுகிறது. கட்டுமானப் பணிகள் நடக்கும் இடங்களில் இயந்திர இரைச்சல். பாசார் மாலாம் நடக்கும் நாள்களில் ஒலிபெருக்கி. மெல்லிய ஓசை இவற்றுக்கு அடியில் மூழ்கிப்போகும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் கலிஃபோர்னியா ரிவர்சைட் பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். மெதுவாக வரும் காரின் ஒலிப்பதிவைக் கேட்கவைத்து, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லச் சொன்னார்கள். பெட்ரோல் காரைவிட ஹைபிரிட் கார் சுமார் 40 விழுக்காடு நெருங்கி வந்த பிறகே கேட்டவர்களால் திசையைச் சொல்ல முடிந்தது.

அடுத்த ஆண்டு அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தது. வேகம் குறைத்தல், நிறுத்துதல், பின்னோக்கி எடுத்தல், நிறுத்துமிடத்துக்குள் நுழைதல், வெளியேறுதல் போன்ற நேரங்களில் ஹைபிரிட் கார்கள் பாதசாரிமீது மோதும் வாய்ப்பு மற்ற கார்களைப்போல இரு மடங்காக இருந்தது.

பிரிட்டனில் 2013 முதல் 2017 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஓடிய தூரத்தைக் கணக்கில் எடுத்தால், மின்சார, ஹைபிரிட் கார்கள் பாதசாரிமீது மோதும் வாய்ப்பு இரு மடங்கு. நகர்ப்புறங்களில் அது இன்னும் அதிகம்.

ஆனால் அதே பிரிட்டனில் 2019 முதல் 2023 வரையிலான பதிவுகளைப் பார்த்த லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, முழு மின்சாரக் கார்களின் விகிதம் மற்ற கார்களுக்கு நிகராகவே இருப்பதாகக் கண்டது. ஹைபிரிட் கார்களின் விகிதம் மட்டும் அதிகமாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் மின்சாரக் கார்களில் எச்சரிக்கை ஒலியும், ஆளைக் கண்டால் தானாக நிறுத்தும் வசதியும் பரவிவிட்டன. ஆகவே பழைய எண்ணிக்கையைச் சொல்லி இன்றைய எல்லா மின்சாரக் கார்களையும் பழிப்பது சரியன்று. சரியான வசதி இருந்தால் ஆபத்து குறையும் என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு தருகிறது.

பார்வையற்றோர் எழுப்பிய குரல்

இதை உலகம் கவனிக்கக் காரணமானவர்கள் பார்வையற்றவர்கள். வெள்ளைக் கோல் தரையைச் சொல்லும், வண்டியைச் சொல்லாது. சாலையோரத்தில் நிற்கும் பார்வையற்றவர், வாகனங்களின் ஓசையை வைத்துத்தான் எது நிற்கிறது, எது திரும்புகிறது, எந்தத் திசையில் நேராக நடக்கவேண்டும் என்று முடிவெடுக்கிறார். ஓசை இல்லாவிட்டால் அவருக்குச் சாலையே இல்லாமல் போகிறது.

அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியது. அதன் விளைவாக, 2010ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் பாதசாரிப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜப்பானும் அமைதியான வாகனங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2016ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனத்தின்கீழ் 138ஆம் எண் வாகன விதி ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய ரகக் கார்களுக்கும், 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய மின்சார, ஹைபிரிட் கார்களுக்கும் எச்சரிக்கை ஒலி கட்டாயம். இந்தியாவும் 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் இதற்கான வரைவு விதியை வெளியிட்டது. சென்னை, கோயம்புத்தூர் சாலைகளில் மின்சார வாகனங்கள் பெருகிவரும் வேளையில், ஊருக்குப் போய்வரும் நமக்கும் அது பொருந்தும் செய்தி.

அந்த எச்சரிக்கை ஒலி எப்படி வேலை செய்கிறது?

காரின் முன்பகுதியில், பம்பருக்குப் பின்னால் தண்ணீர் படாத ஒரு சிறிய ஒலிபெருக்கி இருக்கும். சில கார்களில் பின்னாலும் ஒன்று உண்டு. கார் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அறிந்து, ஒரு சிறு கணினி ஒலியை உண்டாக்குகிறது. ஐக்கிய நாட்டு விதிப்படி, கார் நகரத் தொடங்கியதிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வரையும், பின்னோக்கிப் போகும்போதும் ஒலி வரவேண்டும். அமெரிக்காவில் 30 கிலோமீட்டர் வரை. மேலும், நின்றிருக்கும்போதே கியரை ஓட்டும் நிலைக்கு மாற்றியதும் ஒலி கேட்கவேண்டும் என்பதும் அமெரிக்க விதி.

சத்தத்துக்கும் அளவு உண்டு. காருக்குப் பக்கவாட்டில் 2 மீட்டர் தொலைவில் அளந்தால், 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 56 டெசிபல். அதிகபட்சம் 75 டெசிபல். இருவர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல். ஆக, இந்த எச்சரிக்கை நாம் பேசும் சத்தத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

காரின் வேகம் கூடினால் ஒலியின் சுருதியும் உயரவேண்டும் என்பது மற்றொரு விதி. அப்போதுதான் கேட்பவருக்கு ‘வேகம் எடுக்கிறது’ என்று புரியும். ஒலியில் தாழ்ந்த சுருதிப் பகுதியும் இருக்கவேண்டும், மூத்தோர் காதுக்கும் எட்டவேண்டும் என்பதற்காக. ஆகவே நீங்கள் கேட்பது பெட்ரோல் காரின் உறுமலாக இருக்காது. தொலைவில் ஒரு விமானம் தரையில் நகர்வது போலவோ, மெல்லிய ஆர்மோனியச் சுருதி போலவோ இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

இதை அமெரிக்கா எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டெஸ்லா கார்களில் வெளிப்புற ஒலிபெருக்கி வழியாகப் பாட்டும் வேடிக்கை ஒலிகளும் போட ஒரு வசதி இருந்தது. அது எச்சரிக்கை ஒலியை மறைத்துவிடக்கூடும் என்பதால், 2022ஆம் ஆண்டு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களின் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று.

இந்த ஒலிக்கும் எல்லை உண்டு. சிங்கப்பூரில் ஓடும் பல கார்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விற்கும் அதே ரகங்கள்தாம். அவற்றில் இந்த ஒலி இருக்கும். ஆனால் வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கு உரியது. அதைப் புதுப்பித்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுபவர்களும் உண்டு. விதிகள் வருவதற்கு முன் வந்த ஹைபிரிட் கார்கள் இன்னும் நம் பேட்டையில் ஓடுகின்றன. சில பழைய ரகங்களில் ஒலியை நிறுத்திவைக்கும் பொத்தானும் இருந்தது. மழையிலும் இரைச்சலிலும் 50 டெசிபல் காணாமல் போய்விடும். ஒலி இருக்கிறது என்ற நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

நம் பேட்டையில் எங்கே கவனம் தேவை?

ஒரு சின்னக் கணக்கு. பல கார் நிறுத்துமிடங்களில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற வேகப் பலகையைப் பார்க்கலாம். அந்த வேகத்தில் கார் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் ஓடும். ஒரு கார் நிறுத்தும் கட்டத்தின் நீளமே 4.8 மீட்டர்தான். கார் நிறுத்துமிட வாசலைக் கடக்க மூத்தவர் ஒருவருக்கு நான்கைந்து நொடி ஆகலாம். அவர் காலெடுத்து வைக்கும்போது 16 மீட்டர் தள்ளி, தூணுக்குப் பின்னால் கண்ணில் படாமல் இருந்த கார், அவர் மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் அவர்முன் வந்துவிடும். 15 கிலோமீட்டர் மெதுவான வேகம்தான். காது உதவாவிட்டால் அதுவும் வேகம்தான்.

முதலில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உள்வாசலும் வெளிவாசலும். சரிவில் இறங்கிவரும் காருக்கு மோட்டார் விசைகூடத் தேவையில்லை. வெயிலில் இருந்து பார்த்தால் உள்ளே இருட்டாகத் தெரியும். வண்டி இருப்பது கண்ணுக்கும் எளிதில் புலப்படாது.

அடுத்தது நிறுத்தியுள்ள கார்களுக்கு இடையே நடப்பது. பின்னோக்கி எடுக்கும் கார்தான் இங்கு ஆபத்து. குட்டையான குழந்தையும் குனிந்து பொருள் எடுப்பவரும் ஓட்டுநர் கண்ணில் படமாட்டார்கள்.

மூன்றாவது, புளோக் அடித்தளத்தை ஒட்டிய டாக்சி, வாடகைக் கார் ஏறுமிடம். கைப்பேசியில் வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்குகிறோம். அதற்குள் வண்டி பக்கத்தில் வந்திருக்கும்.

லிட்டில் இந்தியாவின் குறுக்குச் சந்துகள் மற்றோர் இடம். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையையும் பஃப்ளோ சாலையையும் சுற்றியுள்ள கூட்டத்தில், நடைபாதையில் இடமில்லாமல் சாலையில் இறங்கி நடப்பது வழக்கமாகிவிட்டது. பின்னால் வண்டி வந்தால் ஓசை கேட்கும் என்ற தைரியம்தான் காரணம். கூட்டத்தின் பேச்சொலியில் மின்சார வேன் வருவது கேட்காது.

பெஞ்சூரு போன்ற பகுதிகளில் விடுதிகளில் தங்கியிருக்கும் நம் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு வேலை முடிந்து, காதில் செவிப்பொறி மாட்டி ஊரில் உள்ள குடும்பத்தாருடன் பேசிக்கொண்டே நடக்கிறீர்கள். அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்பது புரிகிறது. சாலையைக் கடக்கும் அந்தப் பத்து நொடி மட்டும், “ஒரு நிமிஷம் இரு” என்று சொல்லிவிட்டுக் கடங்கள். தாயகத்தில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள்.

நடப்போர் செய்யக்கூடியவை

பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘வலம், இடம், மீண்டும் வலம்’ பாடத்தைப் பெரியவர்களும் கார் நிறுத்துமிட வாசலில் பின்பற்றலாம். பெரிய சாலைக்கு மட்டும் உரியதன்று அது.

நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது விளக்குகளைப் பாருங்கள். பின்புறம் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். வெள்ளை விளக்கு எரிந்தால் கார் பின்னோக்கி வரப்போகிறது. முன்சக்கரம் திரும்புகிறதா என்பதும் நல்ல அடையாளம். சத்தம் சொல்லாததை இவை சொல்லும்.

ஓட்டுநரின் முகத்தைப் பாருங்கள். அவர் உங்களைப் பார்த்த பிறகு நடங்கள். பார்த்தாரா என்று சந்தேகமாக இருந்தால் நில்லுங்கள்.

செவிப்பொறி மாட்டியிருந்தால் ஒன்றையாவது கழற்றுங்கள். மழை நாளில் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடிக்காதீர்கள். காதும் அடைத்து, கண்ணும் மறைந்தால் ஒன்றும் மிஞ்சாது.

பாதசாரிக் கடப்பு இருந்தால் அதில் கடங்கள். கடப்பிலிருந்து 50 மீட்டருக்குள் வேறிடத்தில் கடப்பது குற்றமும்கூட. சமிக்ஞை உள்ள பல சந்திப்புகளில், மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். அந்த நேரம் உங்களுக்காகத்தான் வைக்கப்பட்டுள்ளது.

வீட்டில் மூத்தவர் இருந்தால், “கவனமாகப் போங்க” என்பதோடு நிறுத்தாமல், கார் நிறுத்துமிடத்துக்கு ஒருமுறை அழைத்துப்போய் மின்சாரக் காரின் ஒலியைக் கேட்க வையுங்கள். பழகிய ஒலியைத்தான் காது எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் அப்படியே. அவர்களின் காது கூர்மையானது, ஆனால் அந்த ஓசை ஒரு கார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஓட்டுநர்களின் கடமை பெரிது

இவ்வளவும் நடப்பவருக்குச் சொன்னாலும் பொறுப்பின் பெரும்பகுதி ஓட்டுபவருக்கே. இரும்பும் மின்கலமும் சேர்ந்த ஒன்றரை, இரண்டு டன் எடை அவர் கையில் இருக்கிறது.

உங்கள் கார் சத்தம் போடாது என்பதை மனத்தில் வையுங்கள். எதிரே முதுகு காட்டி நடப்பவர் ஒதுங்கவில்லை என்றால், அவர் அடம்பிடிக்கவில்லை. அவருக்கு நீங்கள் வருவது தெரியவில்லை. பொறுமையாக இடைவெளி விட்டு வாருங்கள். தேவையென்றால் ஹாரனைத் தொலைவிலேயே ஒருமுறை மெல்லத் தட்டுங்கள். பக்கத்தில் போய் அலறவிட்டால் மூத்தவர் பதறி விழக்கூடும்.

மின்மோட்டார் காலை வைத்ததுமே இழுக்கும். நிறுத்துமிடத்திலிருந்து எடுக்கும்போது மிதியை மென்மையாக அழுத்துங்கள். வாசலில் ஆள் இல்லையென்று தெரிந்தாலும் ஒரு கணம் முழுதாக நிறுத்தி எடுங்கள். பின்புறக் கேமராவை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பியும் பாருங்கள்.

காரைச் சேவைக்கு விடும்போது எச்சரிக்கை ஒலி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். நண்பர் ஒருவரை வெளியே நிற்கச் சொல்லி, மெதுவாக ஓட்டி நீங்களே சோதித்தும் பார்க்கலாம்.

மேல்தளத்தில் ஒரு சோதனை

அந்தக் காலைச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை எங்கள் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு அழைத்துப்போனேன். ஒன்றைச் சொல்லவேண்டும், எங்கள் வீட்டுக் காரும் ஹைபிரிட்தான். அம்மாவைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் பாதுகாப்பாக நிற்கவைத்து, முதுகைத் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கவேண்டும். என் மகள் பக்கத்தில் நின்றாள்.

மெதுவாக ஓட்டி வந்தேன். மகள் முதலில் கையைத் தூக்கினாள். அம்மா தூக்கவில்லை. கார் அவரைத் தாண்டும் நேரத்தில்தான் கை எழுந்தது. கேட்டபோது, “மோட்டார் சத்தம் கேட்கல. டயர் கல்லுல நசுங்குற சத்தம் கேட்டுச்சு” என்றார். இரண்டாவது முறை, மூன்றாவது முறை ஓட்டியபோது கொஞ்சம் முன்னதாகவே கையைத் தூக்கினார். எந்த ஓசையைத் தேடவேண்டும் என்று காது கற்றுக்கொண்டுவிட்டது.

அன்று அதிகம் கற்றது நான்தான். இத்தனை நாளாக எத்தனை பேருடைய முதுகுக்குப் பின்னால், அவர்களுக்குத் தெரியாமலே நான் வந்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

அம்மா இப்போதும் அதே வழியில்தான் சந்தைக்குப் போகிறார். வாசல் வந்ததும் சக்கரப் பையை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்க்கிறார். பின்னால் வரும் அண்டை வீட்டாரையும் கையைக் காட்டி நிறுத்துகிறார். “சத்தம் இல்லன்னா வண்டி இல்லன்னு அர்த்தம் இல்ல” என்று அவர்களிடம் சொல்கிறார்.